கொக்குக் கார்

தூத்துக்குடிக்கு முதல் ஹால்டன் கார் ஓடி வரவில்லை. லாரிமேல் ஏறி, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வந்தது. 1998 ஆவணி மாதம். பைபாஸ் ஓரத்தில் அதை இறக்கியபோது, உப்பளத்து வேலை முடிந்து வந்துகொண்டிருந்த பெண்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். காரின் மூக்கில் வெள்ளி நிறப் பறவை ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. இங்கிலாந்தில் ஏதோ ஆற்றங்கரை நாரை அது என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்தது. “நம்ம கொக்குல்லா இது!” என்றாள் ஒருத்தி. அன்றையிலிருந்து எங்கள் ஊருக்கு அது கொக்குக் கார்தான்.

அதைக் கொண்டுவந்தவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரக் குடும்பம். தூத்துக்குடியில் லாரி உதிரிச் சாமான் கடை வைத்து மேலே வந்தவர். ஹால்டன் கம்பெனி மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் ஏஜென்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் வெள்ளை வேட்டியோடு சென்னைக்குப் போய் அவர்கள் தங்கியிருந்த ஓட்டல் வாசலில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். உப்பளக்காரர், கப்பல் ஏஜெண்டு, முந்திரி வியாபாரி என்று முப்பது பெயர்களை அவர் மனப்பாடமாகச் சொன்னாராம். வெள்ளைக்காரர் சிரித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “கையெழுத்துப் போட ஆள் இருக்கிறானா?”

ஹால்டனின் பெருமையே அந்தக் கையெழுத்துதான். கம்பெனியை ஆரம்பித்த கிழவன் முதலில் கப்பல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்தவன். ஒரு பம்பு நடுக்கடலில் நின்றுபோய்ப் பதினோரு பேர் செத்தார்கள். யார் பரிசோதித்தது என்று கேட்டால் பட்டறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கிழவன் ஒரு சட்டம் போட்டான். வெளியே போகும் ஒவ்வொரு சாமானையும் ஒரே ஒரு ஆள் கடைசியாகப் பார்க்க வேண்டும், பார்த்துத் தன் கையால் பெயர் எழுத வேண்டும். பம்பு போய்க் கார் வந்த பிறகும் அது மாறவில்லை. பரிசோதனைத் தாளில் கையெழுத்திட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாவியோடு வாங்குபவர் கையில் கொடுப்பார்கள்.

அந்தக் கையெழுத்துக்காக அண்ணாச்சி தேடிப் பிடித்த ஆள் பவுல். சொந்த ஊர் புன்னைக்காயல். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது. இஞ்சின் மூடியில் காதை வைத்து எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார். கம்பெனி அவரைப் பூனாவுக்கு அழைத்து மூன்று மாதம் பாடம் நடத்தியது. முதல் நாள் பாடமே அந்தப் பதினோரு பேர் கதைதான். பவுலுக்கு அது நெஞ்சில் ஏறிவிட்டது. கடலில் இஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருபத்தைந்து வருடம். செந்தூர்பாண்டி மோட்டார்ஸிலிருந்து போன ஒவ்வொரு ஹால்டனிலும் பவுல் கையெழுத்து இருந்தது. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறையில், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்தத் தாள் தொங்கியது. பவுலின் மகள் டயானா பி.காம். முடித்து அதே ஷோரூமில் விற்பனையில் சேர்ந்தாள். அண்ணாச்சி பக்கவாதத்தில் படுத்த பிறகு மகன் ஜெயகணேஷ் பொறுப்புக்கு வந்தான். ஷோரூமுக்குக் கண்ணாடிச் சுவர் வந்தது, காப்பி மிஷின் வந்தது, வண்டிகளை நிறுத்திவைக்க உப்பளத்தை ஒட்டிப் புதிதாக ஒரு யார்டும் வந்தது.

2023 டிசம்பரில் பெய்த மழை எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வானம் மூடியே இருந்தது. குளங்கள் உடைந்தன. ஊருக்குள் படகு விட்டார்கள். யார்டில் நின்ற மூன்று ஹால்டன்களும் கூரை மட்டும் தெரியும்படி இரண்டு நாள் முங்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் ஜெயகணேஷும் பவுலும் முழங்கால் சேற்றில் நடந்து போனார்கள். பவுல் ஒரு கதவைத் திறந்தார். கலங்கல் தண்ணீர் கொட்டியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

“மழைத்தண்ணி மட்டும் இல்ல தம்பி. உப்பளத்தையும் சேத்து அள்ளிட்டு வந்திருக்கு.”

“தேத்திரலாம்லா அண்ணாச்சி?” என்றான் ஜெயகணேஷ்.

“முங்குன வண்டிய ஒடச்சிரணும்னுல்லா கம்பெனி ரூல்சு?”

“கம்பெனிக்குச் சொன்னாத்தான? இந்த யார்ட நான் இன்னும் இன்சூரன்சுலயே சேக்கல. ஒருத்தன் ஒத்த ரூவா தரமாட்டான். மூணு வண்டியும் போச்சுன்னா கடைய மூடணும். நம்மள நம்பி நாப்பது குடும்பம் இருக்கு, பாத்துக்கிடுங்க.”

“ஒயரிங் மொத்தத்தையும் மாத்தணும். ஸ்டியரிங் மோட்டாரு, சீட்டுக்கு அடியில இருக்க கண்ட்ரோல் பெட்டி, அம்புட்டும் புதுசு போடணும்.”

“மூணு செட்டு ஆர்டர் போட்டா எதுக்குன்னு கேப்பான். கழுவிக் காயவச்சுப் பாருங்க. உங்க கையில முடியாதது என்ன இருக்கு?”

அந்தக் கடைசி வார்த்தைதான் பவுலை விழுத்தாட்டியது. பின்னால் அவரே அப்படித்தான் சொன்னார். பயந்தோ ஆசைப்பட்டோ அவர் அதைச் செய்யவில்லை. தன் கையால் முடியும் என்று நினைத்தார்.

பொங்கல் வரைக்கும் ஷெட்டின் பின்பக்கம் படுதா கட்டி வேலை நடந்தது. போர்த் தண்ணீரே உப்பு என்பதால் வல்லநாட்டு ஆற்றுத் தண்ணீரை லாரியில் வரவழைத்தார். சீட்டு, தரை விரிப்பு, கதவுப் பலகை எல்லாவற்றையும் கழற்றி வெயிலில் போட்டார். பல் தேய்க்கும் பிரஷை வைத்து ஒவ்வொரு இணைப்பாக உரசினார். பச்சைக் களிம்பு வந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை கழுவிக் காயவைத்த பிறகு வரவில்லை. வண்டிகள் ஓடின. பைபாஸில் ஆறுமுகநேரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் தோல் மூடிய ஒயர்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று தாள்களிலும் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, பசியில்லை என்று மனைவி மெட்டில்டாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

ஒரு வண்டி கொச்சிக்குப் போனது. ஒன்று ஓசூருக்கு. சாம்பல் நிறத்தது மட்டும் ஷோரூமில் நின்றது.

ஏப்ரலில் மின்சாரக் கார் பாடத்துக்காக பவுலை மறுபடி பூனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்கும்போது ஒரு மத்தியானம் டயானா போன் செய்தாள். குரல் துள்ளியது.

“அப்பா, விக்டர் மாமா லீவுல வந்திருக்காவல்லா? கொக்குதான் வேணும்னுட்டாவ. நான்தான் வித்தேன். எனக்கு இந்த மாசம் இதான் மொத வண்டி!”

விக்டர் மெட்டில்டாவின் ஒரே தம்பி. மணப்பாட்டுக்காரன், தனிக்கட்டை. சரக்குக் கப்பலில் சீப் இஞ்சினியர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பான். அத்தான் கையெழுத்துப் போட்ட கார் ஒன்று வாங்க வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

“எந்த வண்டிளா?” என்றார் பவுல்.

“அந்தச் சாம்பக் கலரு. உடனே டெலிவரி அது ஒண்ணுதான். கண்ணாடிச் சட்டத்த நானே மாமா கையில குடுத்தேன்ப்பா. உங்க பேரப் பாத்துட்டு முத்தங்குடுத்தாவ. போட்டோ அனுப்புதேன், பாருங்க.”

பவுல் வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டார். முங்கிய வண்டி என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

திரும்பி வந்ததும் மணப்பாட்டுக்குப் போனார். விக்டர் வீட்டில் அன்று நண்டுக் குழம்பு. குசினியிலிருந்து தேங்காய் வறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. கார் வேப்பமரத்து நிழலில் நின்றது. கடற்காற்றின் உப்பு ஒட்டாமல் இருக்க அதற்குத் துணி உறை போட்டிருந்தான். பவுல் அந்த உறையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

“மாப்ள, வண்டிய ஒரு வாரத்துக்கு ஷெட்டுல விடுங்க. ஒயரிங் ஒருக்க பாத்துத் தாரேன்.”

“பதினஞ்சு நாளு கூட ஆவல, அதுக்குள்ளயா அத்தான்? நீங்க பாத்துத்தான குடுத்திருக்கீய?”

“பாத்தேன். இன்னொருக்க பாக்கலாம்னு.”

விக்டர் சிரித்தான். “அக்கா சொல்லுவா, கேஸ் அடுப்ப அணச்சிட்டுப் பத்து தடவ தொட்டுப் பாப்பீயன்னு. சரி, கொடைக்கானல் போயிட்டு வந்து விடுதேன். இன்னும் ரெண்டு நண்டு போடவா?”

போடச் சொன்னார். சாப்பிட்டார். பஸ் ஏறி வந்துவிட்டார்.

புது ஒயரிங் செட்டு ஒன்றாவது வரவழைக்கச் சொல்லி ஜெயகணேஷிடம் இரண்டு தடவை கேட்டார். “அடுத்த மாசம் பாப்போம் அண்ணாச்சி” என்றான்.

மே மாதம், கத்திரி வெயில். விக்டர் தனியாகத் தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்தான். ஆத்தூருக்கு முன்னால், வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் ரோடு லேசாக வளைகிறது. அந்த வளைவில் வண்டி வளையவில்லை. வாய்க்கால் பாலத்துச் சுவரில் மோதித் தலைகீழாகக் கொடிக்காலுக்குள் கிடந்தது. வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள்தான் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது. முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. திருநெல்வேலியில் இரண்டு ஆபரேஷன் செய்தும் வரவில்லை. இனி கப்பல் வேலைக்குத் தகுதியில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவனுக்கு நாற்பத்து நாலு வயது.

வேகமாக வந்து தூங்கியிருப்பார் என்று ஷோரூமில் பேசிக்கொண்டார்கள். ஜெயகணேஷ் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கூடையோடு வந்து போனான்.

ஜூன் கடைசியில், தம்பியோடு ஒரு மாதம் இருந்துவிட்டு மெட்டில்டா வீட்டுக்கு வந்தாள். வெளியே கச்சான் காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. சாளை மீன் குழம்பு வைத்து, கணவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் சாப்பிடவில்லை.

“தம்பிக்கு நேத்துதான் எல்லாம் நெனவுக்கு வந்திருக்கு” என்றாள். “தூங்கலயாம். வேகமும் இல்லியாம். ஸ்டியரிங் கல்லு மாதிரி நின்னுட்டாம். டேஷ்போர்டுல மணி மணியா லைட்டு எரிஞ்சிச்சாம். பிரேக்க மிதிச்சா அதுவும் மரக்கட்டையா கெடந்திச்சாம்.”

பவுல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அவன் உங்கள ஒண்ணும் சொல்லல. ‘அத்தான் பாத்த வண்டி, எனக்குத்தான் ஓட்டத் தெரியல போல’ன்னு சொல்லுதான். முப்பதாயிரம் டன் கப்பல் இஞ்சின ஓட்டுனவன் சொல்லுதான், எனக்கு ஓட்டத் தெரியலன்னு.”

“மெட்டில்டா…”

“பூனாவுல இருந்து வந்த மறுநாளு எதுக்கு மணப்பாட்டுக்கு ஓடுனீய? அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். வண்டிய ஷெட்டுல விடுன்னு எதுக்குச் சொன்னீய?”

“முங்குன வண்டி அது.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லிக்கொண்டு போனார். யார்டு, தண்ணீர், படுதா, பிரஷ், மூன்று தாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. முடித்ததும் மெட்டில்டா கேட்டாள்.

“டயானாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமத்தான் எம் பிள்ளையக் கொண்டு எந் தம்பிக்கு வித்தீயளா?”

“நான் விக்கலளா. நான் அப்ப ஊர்லயே இல்ல.”

“போன்ல இருந்தீயல்லா? கர்த்தரே! நண்டுக் குழம்பு தின்னீயல்லா அவன் வீட்டுல? தொண்டையில அது எறங்கிச்சில்லா? இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தொண்ட அடச்சிட்டா?”

உண்மையில் அன்றைக்குப் பவுல் பயந்தது ஜெயகணேஷுக்கு இல்லை, வேலைக்கும் இல்லை. பவுல் கை வைத்தால் சரியாக இருக்கும் என்று ஒருத்தன் நம்பிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். அந்த முகம் மாறுவதைப் பார்க்க முடியாது என்று பயந்தார். அதை எப்படி அவளிடம் சொல்வது?

“நீங்களே போயிச் சொல்லணும்” என்றாள் மெட்டில்டா. “நான் சொல்ல மாட்டேன். எந் தம்பி படுத்துக் கெடக்கான். அவன் முன்னால நின்னு உங்க வாயால சொல்லணும்.” எழுந்து அவர் தட்டை எடுத்துப்போய்க் கழுவினாள். பிறகு அல்மாரியைத் திறந்து சேலைகளைப் பையில் வைத்தாள். டயானா வேலை முடிந்து வந்ததும் தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினார்கள். வெளியே வந்த டயானா அப்பாவைப் பார்த்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அன்னைக்கி நான் போன் பண்ணும்போது சொல்லியிருக்கலாம்லாப்பா. வண்டிய நிறுத்துளான்னு ஒரு வார்த்த.”

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு பேரும் கடைசி பஸ்ஸில் மணப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் பவுல் ஷோரூமுக்குப் போனார். ஜெயகணேஷ் கண்ணாடி அறையில் இருந்தான்.

“தம்பி, கம்பெனிக்கு நான் எழுதப்போறேன். கொச்சி வண்டியும் ஓசூர் வண்டியும் இன்னும் ரோட்டுல ஓடுது.”

ஜெயகணேஷ் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். கோபப்படவில்லை.

“எழுதுங்க. தாள்ல யாரு பேரு இருக்கு அண்ணாச்சி?”

“எம் பேரு.”

“எம் பேரு எங்கனயாவது இருக்கா?”

“நீங்க சொல்லித்தான…”

“நான் சொன்னேன்னு யாரு சொல்லுவா? படுதாவுக்குள்ள நீங்க மட்டுந்தான வேல பாத்தீய? வேற ஒருத்தனக்கூட விடலியே. உங்களுக்குத்தான் நம்பிக்க இல்லியே அடுத்தவன் கையில.” கொஞ்சம் நிறுத்தினான். “அப்பா உங்கள மீன்நாத்தத்துல இருந்து தூக்கிட்டு வந்தாவ. அத மறந்துராதீய.”

பவுல் அவனையே பார்த்தார். இவனுக்குப் பதினெட்டு வயதில் இதே பைபாஸில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். எழுந்து வெளியே வந்தார். சட்டைப் பையில் கொக்குப் படம் போட்ட அடையாள அட்டை இருந்தது. வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

மணப்பாட்டில் விக்டரை முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். மெட்டில்டா அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பவுலைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனாள். டயானா கதவோரம் நின்றாள்.

“வாங்கத்தான். அந்த வாங்குல இருங்க” என்றான் விக்டர்.

பவுல் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். நேற்று மனைவியிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னார். விக்டர் கேட்டுக்கொண்டே இருந்தான். இஞ்சினியர் அல்லவா, நடுவில் ஒரு கேள்வி கேட்டான்.

“கண்ட்ரோல் பெட்டிய மாத்தலியா?”

“மாத்தல.”

“ஒயரு உள்ளுக்குள்ள அரிச்சிரும்னு தெரியும்லா உங்களுக்கு?”

“தெரியும். அரிக்காதுன்னு நெனச்சேன்.”

விக்டர் போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டான்.

“எங் கப்பல்ல ஒரு பையன் இப்பிடி ஒரு வேல செஞ்சா, அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டிருவேன். அடிக்க மாட்டேன், வைய மாட்டேன். எறக்கி விட்டிருவேன்.” பிறகு கதவுப் பக்கம் திரும்பினான். “டயானாளா, உனக்குத் தெரியாதுல்லா?”

“தெரியாது மாமா” என்றவளுக்குக் குரல் உடைந்தது.

“அப்பம் நீ அழாத. இங்க வா, எங்கிட்ட இரி.” அவள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டே விக்டர் சொன்னான், “நீங்க இனிமே வராதீங்கத்தான்.”

பவுல் கம்பெனிக்கு எழுதினார். மும்பையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நொறுங்கிய வண்டியைப் பிரித்தபோது உள்ளே ஒயரெல்லாம் பச்சையாக உதிர்ந்ததாம். சான்று பெற்ற தொழிலாளி ஒருவர் பொய்க் கையெழுத்திட்டார் என்று அறிக்கை கொடுத்தார்கள். கேஸ் நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் பவுல் ஒருவர்தான். கொச்சிக்காரருக்கும் ஓசூர்க்காரருக்கும் பவுல் தானே கடிதம் போட்டார். ஒருவர் போனில் கூப்பிட்டு மலையாளத்தில் வைதார். ஓசூர்க் கடிதம் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

ஹால்டன் கம்பெனி ஏஜென்சியைப் பறித்துக்கொண்டது. கிரேன் வைத்து ஷோரூம் வாசலிலிருந்த கொக்குச் சிலையை இறக்கினார்கள். கம்பெனியின் வரைபடத்தில் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே இப்போது புள்ளி கிடையாது. ஆகஸ்டு மாதமே அதே கண்ணாடிக் கட்டடத்தில் வேறொரு வெளிநாட்டுக் காரின் பலகை ஏறியது. சக்கர நாற்காலியில் செந்தூர்பாண்டி அண்ணாச்சியைக் கொண்டுவந்து ரிப்பன் வெட்டவைத்தார்கள். கோணிய வாயோடு அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அதே பழைய ஆட்கள் புதுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். பவுல் இல்லை, டயானா இல்லை.

செப்டம்பரில் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழா. கூட்டத்தோடு கூட்டமாகப் போகலாம் என்று பவுல் போனார். குன்றின் அடியில் மெழுகுவர்த்தி விற்கும் கடைப்பக்கம் நின்றுகொண்டார். ஜனம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான்கு பேர் விக்டரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் டயானா குடை பிடித்து நடந்தாள். மெலிந்துபோயிருந்தாள். பவுல் நிற்பதை விக்டர் பார்த்துவிட்டான். ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு தூக்குகிறவர்களிடம் ஏதோ சொன்னான். அவர்கள் அந்தப் பக்கத்துப் படியை விட்டு, மணலில் கால் புதைய, சுற்றுப்பாதைக்குத் திரும்பினார்கள். அது நெட்டுக்குத்தான ஏற்றம். வெயிலில் அவர்களுக்கு மூச்சு வாங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

பின்னால் வந்த மெட்டில்டா மட்டும் நின்றாள். மூன்று மாதத்தில் அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

“சாப்டீயளா?” என்றாள்.

“இல்ல.”

“மடத்துல அசனம் போடுதாவ. போயிச் சாப்புடுங்க.”

“நீ எப்ப வாரே?”

அவள் சுற்றுப்பாதையைப் பார்த்தாள். நாற்காலி பாதி ஏற்றத்தில் சாய்ந்து நின்றது. ஒருவன் தோளை மாற்றிக்கொண்டிருந்தான்.

“அவனத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு நாளைக்கு எட்டு தடவ ஆள் வேணும்” என்றாள். “நான் எப்பிடி வர?”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணலில் வேகமாக ஏறிப்போய், நாற்காலியின் ஒரு காலைத் தானும் பிடித்துக்கொண்டாள்.